மணிக்குள் ஒளிந்திருக்கும் நார்: பழைய அணிகலன்களில் இருப்பது எந்தச் செடியின் இழை என்று பார்ப்பது எப்படி?

பலுசிஸ்தானில், போலன் கணவாய் சமவெளியில் வந்து இறங்கும் இடத்தில் மெஹர்கர் இருக்கிறது. 1974 முதல் பிரெஞ்சு அகழாய்வுக் குழு ஒன்று அங்கே தோண்டியது. புதிய கற்காலக் கல்லறை ஒன்றில் கிடைத்த செப்பு மணிகளில் ஒன்றை, அதன் உலோகத்தை ஆராய்வதற்காக ஆய்வுக்கூடத்தில் எடுத்துப் பார்த்தார்கள். மணியின் துளைக்குள் நூல் இருந்தது. உண்மையில் நூல் என்றோ மட்கிவிட்டது. அது இருந்த இடத்தில் செம்புக் களிம்பு ஏறி, இழை இழையாக அச்சுப் பிடித்து வைத்திருந்தது. 2002இல் முடிவு வெளியானது: பருத்தி, கி.மு. ஆறாவது ஆயிரமாண்டு. பழைய உலகில் பருத்தியின் வரலாறு ஒரே மணியால் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பின்னோக்கிப் போய்விட்டது.

பழைய நகையைப் பார்ப்பவர்கள் எல்லாரும் மணியைத்தான் பார்க்கிறார்கள். நாம் பார்க்க வேண்டியது ஓட்டையை. அருங்காட்சியகத்தில் தன்னார்வலராகச் சேர்ந்தவர்கள், தொல்லியல் முதலாண்டு மாணவர்கள், கையில் ஒரு சாதாரண மைக்ரோஸ்கோப் இருந்து என்ன செய்வது என்று யோசிப்பவர்கள், இவர்களை நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில்: கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள்

நார் என்றதும் பலருக்கும் தோன்றுவது, கொஞ்சம் பிய்த்துக் கொளுத்தி மோந்து பார்ப்பது. காகிதம் எரிந்த வாசனை வந்தால் செடி, முடி எரிந்த வாசனை வந்தால் பட்டு அல்லது கம்பளி. புடவைக் கடையில் வாங்கிய துணிக்கு அது சரி. பழம்பொருளில் அதைச் செய்யவே கூடாது. எரித்தது திரும்ப வராது. கிடைக்கும் விடையோ ‘செடி’ என்பதற்கு மேல் போகாது.

அதே மாதிரி, மணியின் துளையில் அடைத்திருக்கும் மண்ணை ஊசியால் குத்தி வெளியே எடுக்காதீர்கள், கழுவாதீர்கள். பச்சைக் களிம்பைத் தேய்த்துப் பளபளப்பாக்குவது இன்னும் மோசம். செம்பின் உப்புகள் கிருமிகளைக் கொல்லும். அதனால்தான் களிம்புக்குப் பக்கத்தில் இருந்த நார் தப்பிக்கிறது. களிம்பு போனால் நாரும் சேர்ந்து போகும்.

இன்னொரு விஷயம் அனுமதி. இந்தியாவில் 100 ஆண்டுக்குக் குறையாத பழம்பொருள்கள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வருகின்றன. அருங்காட்சியகப் பொருளிலிருந்து அரை மில்லிமீட்டர் நார் எடுப்பதானாலும் பொறுப்பாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். வாய்ப்பேச்சு போதாது. அனுமதிக் கடிதத்தில் எங்கிருந்து, எவ்வளவு, எத்தனை மாதிரி என்று இருக்கட்டும்.

அது பழைய நூல்தானா?

புதிதாக வருபவர்கள் தாண்டிப் போய்விடும் படி இதுதான். தோண்டி எடுத்த மணிகளைக் கோத்து வைப்பது அந்தக் காலத்தில் எல்லா இடத்திலும் இருந்த வழக்கம். 1930இல் ஒரு பணியாளர் கடையில் வாங்கிய நூலில் கோத்திருப்பார். இன்று நீங்கள் அதை எடுத்து ‘ஆகா, பருத்தி!’ என்பீர்கள். அதனால் முதல் வேலை, அகழாய்வுப் பதிவேட்டையும் பழைய புகைப்படங்களையும் பார்ப்பது.

அப்புறம் ரூபாய் நோட்டைச் சோதிக்கும் புற ஊதா டார்ச் ஒன்றை ஒரு நொடி மட்டும் அடித்துப் பாருங்கள். சலவைத் தூளில் வெண்மைக்காகச் சேர்க்கும் சாயம் உள்ள இன்றைய நூல் பளிச்சென்று நீலமாக ஒளிரும். ஒளிரவில்லை என்பதால் பழையது என்று ஆகிவிடாது. ஒளிர்ந்தால் புதியது, அவ்வளவுதான்.

ஆரம்பத்தில் ஒருமுறை நான் ஒரு வெண்கலக் காப்பின் இடுக்கில் அழகான பருத்தி இழைகளைப் பார்த்து, அரை நாள் மகிழ்ச்சியில் மிதந்தேன். மாலையில் டார்ச் அடித்தால் எல்லாம் நீலம். என் கையுறையிலிருந்து உதிர்ந்த பஞ்சு! அன்றிலிருந்து வெள்ளைப் பருத்திக் கையுறை போடுவதில்லை, நைட்ரைல் கையுறைதான். நீங்களும் மாதிரி எடுக்கும் நாளில் என்ன நிறச் சட்டை, என்ன துணி என்று குறித்து வையுங்கள். கேலியாகத் தோன்றும், ஆனால் உதவும்.

வீட்டில் ஒரு நார்ப்பெட்டி

தெரிந்த நாரைப் பார்த்துப் பழகாத கண்ணுக்குத் தெரியாத நாரில் எதுவும் தெரியாது. புத்தகப் படங்களை நம்பி இறங்காதீர்கள். முதல் ஒரு மாதம் பழம்பொருள் பக்கமே போகாமல் இவற்றைச் சேருங்கள்: பூக்காரரிடம் வாழைநார், சாக்கிலிருந்து சணல், விளக்குத் திரியிலிருந்து பருத்தி, கிழிந்த லினன் சட்டையின் தையலோரத்திலிருந்து ஆளி நார், கயிற்றிலிருந்து தேங்காய் நார், பனைமட்டை நார், வேலியோரத்து எருக்கந்தண்டின் பட்டை. கொஞ்சம் பட்டும் ஆட்டு ரோமமும் வேண்டும். செடியில்லாதது எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமே.

கற்றாழை நார் என்று நாம் சொல்வதைச் சேர்க்கும்போது கவனம். ரயில் பாதையோரம் நிற்கும் அந்த ஆனைக்கற்றாழை அமெரிக்காவிலிருந்து வந்த செடி. ஐரோப்பியர்கள் கடல் கடந்து வந்த பிறகுதான் இந்தப் பக்கம் அதைக் கண்டது. இரண்டாயிரம் ஆண்டுப் பழைய இந்தியப் பொருளில் அதன் நார் இருந்தால், ஒன்று பொருள் புதியது, இல்லை உங்கள் முடிவு தவறு. நம் மண்ணிலேயே இருந்த இலைநார் மருள். வில் நாணுக்குப் பயன்பட்டது அதுதான். கிடைத்தால் பெட்டியில் அதற்கும் ஓர் இடம்.

இன்னொரு தலைவலி பெயர். தமிழில் ‘சணல்’ என்று எழுதியிருந்தால் அது சாக்குச் சணலா, பசுந்தாள் உரத்துக்கு விதைக்கும் சணப்பையா, கஞ்சாச் செடியின் நாரா என்று சொல்லவே முடியாது. சிலர் லினனையும் சணல் என்றே மொழிபெயர்த்துவிடுகிறார்கள். மூன்றும் மூன்று குடும்பத்துச் செடிகள். லினன் நான்காவது, நாட்டு மருந்துக் கடையில் ஆளிவிதை என்று விற்கிறார்களே, அந்தச் செடியின் தண்டு நார். பெட்டியில் ஒட்டும் சீட்டில் செடியின் அறிவியல் பெயரையும் எழுதுங்கள், இல்லையென்றால் ஆறு மாதத்தில் நீங்களே குழம்பிப்போவீர்கள்.

பெட்டி தயாரானதும் சமையலறையிலேயே ஒரு சோதனை செய்யலாம். லினன் நூலைப் பிரித்து ஒரே ஓர் இழையை எடுங்கள். தண்ணீரில் நனைத்து, இடுக்கியால் ஒரு நுனியைப் பிடித்து, மறு நுனி உங்கள் முகத்தைப் பார்க்கிற மாதிரி நீட்டிக்கொண்டு, அது காயும்போது பாருங்கள். நுனி மெல்லச் சுழலும், கடிகார முள் போகும் திசையில். சாக்குச் சணலின் மெல்லிய இழையை அதே மாதிரி நீட்டினால் எதிர்த் திசையில் சுழலும். இழையின் சுவரில் செல்லுலோஸ் நுண்ணிழைகள் எந்தப் பக்கம் சரிந்து சுற்றியிருக்கின்றனவோ அதைப் பொறுத்தது இந்தச் சுழற்சி. ஆளியும் ராமி என்ற கிழக்காசியச் செடியின் தண்டு நாரும் ஒரு கட்சி, கஞ்சா நாரும் சணலும் மறு கட்சி. பழைய நாரில் இதை இப்படிச் செய்ய முடியாது. ஆனால் பின்னால் வரும் பெரிய சோதனைக்கு அடிப்படை இதுதான், அதனால் ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள்.

நூலைப் படியுங்கள், இழை பிறகு

10 முதல் 40 மடங்கு பெரிதாக்கும் ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப்பின் கீழ் பொருளை அப்படியே வையுங்கள். எதையும் எடுக்க வேண்டாம். பார்க்க வேண்டியது நூலின் அமைப்பு.

நூலைச் செங்குத்தாக நிறுத்தினால் முறுக்கின் சாய்வு தெரியும். / இப்படிச் சாய்ந்தால் அதை இஸட் முறுக்கு என்பார்கள். \ இப்படிச் சாய்ந்தால் எஸ் முறுக்கு. அந்த இரண்டு ஆங்கில எழுத்துகளின் நடுக்கோடு சாயும் பக்கத்தை வைத்து வந்த பெயர். இரண்டு புரியைச் சேர்த்து முறுக்கியிருந்தால் ஒவ்வொரு புரியின் திசையையும், சேர்த்த திசையையும் தனித்தனியாகக் குறியுங்கள்.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். எகிப்தின் செங்கடல் துறைமுகமான பெரனிகேயில் கிடைத்த பருத்தித் துணிகளில் இஸட் முறுக்கு நூல் உள்ளவை இந்தியாவிலிருந்து வந்தவை என்று பிரிக்க முடிந்தது, நைல் கரை நூற்பவர்கள் எஸ் பக்கமாகவே முறுக்கினார்கள் என்பதால்தான். கொற்றன் என்று தமிழி எழுத்தில் பெயர் பொறித்த பானை ஓடு கிடைத்ததும் அதே துறைமுகத்தில்தான். மிளகோடு துணியும் போயிருக்கிறது, அதை நூலின் சாய்வே சொல்லிவிடுகிறது.

நூற்ற நூலா, ஒட்டுப்போட்ட நூலா என்பதையும் பாருங்கள். தண்டுப்பட்டையிலிருந்து உரித்த நீள நார்களை நுனியோடு நுனி வைத்து முறுக்கி இணைத்துக்கொண்டே போவது, தக்களிக்கு முந்தைய முறை. பழைய எகிப்திய லினன் அப்படிச் செய்தது. அதில் ஒற்றைப் புரியில் முறுக்கு ஏறக்குறைய இருக்காது, இணைப்பு வரும் இடத்தில் மட்டும் தடிப்பு இருக்கும். குட்டை இழையான பருத்தியில் இது நடக்காது. ஆக, நாரைத் தொடாமலே பாதித் தகவல் வந்துவிட்டது.

ஒரே பொருளில் ஒரே நார்தான் இருக்கும் என்றும் நினைக்காதீர்கள். துட்டன்காமனின் உடலைப் பதப்படுத்தியபோது மிஞ்சியவற்றைப் புதைத்த குழி 1907-08இல் கிடைத்தது. அதில் இருந்த பூக் கழுத்தணிகள் இப்போது நியூயார்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அடித்தளம் பப்பைரஸ், மேலே ஆலிவ் இலை, நீலப் பூக்கள், நீல மணிகள், கூடவே லினன் துணி. பூக்காரர் கையில் இருப்பது போலத்தான்: பூ ஒன்று, நார் ஒன்று, சுற்றிய இலை ஒன்று. அடித்தளம், கோத்தது, தைத்தது, ஓரம், ஒவ்வொன்றுக்கும் தனி மாதிரி எண் கொடுங்கள்.

மாதிரி எடுப்பதும் முதல் பார்வையும்

முதலில் பெட்டியின் அடியில் தானாக உதிர்ந்து கிடப்பதைத் தேடுங்கள். இல்லையென்றால் நூலின் அறுந்த நுனியிலிருந்து ஒரு மில்லிமீட்டர். அது தாராளம். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு கிளிசரின், மேலே மூடி. பாதி மாதிரியைத் தொடாமல் தனியே வையுங்கள்.

100 மடங்கில் முதல் கேள்வி: செடியா, பிராணியா? செதில் செதிலாக இருந்தால் ரோமம். கண்ணாடிக் கம்பி போல வழவழப்பாக, உள்ளே குழாயே இல்லாமல் இருந்தால் பட்டு. இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதிக்காதீர்கள். மகாராஷ்டிரத்தின் நெவாசாவில், சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முந்தைய குழந்தைக் கல்லறையில் கிடைத்த செப்பு மணி மாலையின் நூலை ஆராய்ந்த ஏ.என். குலாத்தி, அதில் பட்டும் பருத்தியும் கலந்திருப்பதாகச் சொன்னார். ஹரப்பாவின் செப்புக் கம்பி அணிகளிலும் பட்டு இருந்தது 2009இல் தெரியவந்தது.

பருத்தி என்றால் கண்டுபிடிப்பது எளிது. ஒவ்வோர் இழையும் விதைமேல் முளைத்த ஒற்றை முடி. காய்ந்ததும் தட்டையாகி ரிப்பன் மாதிரித் திருகிக்கொள்ளும், அதுவும் கொஞ்ச தூரம் இந்தப் பக்கம், பிறகு அந்தப் பக்கம் என்று மாறி மாறி. அகலம் 12 முதல் 20 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). முற்றாத பருத்தி திருகாமல் படுத்துக் கிடக்கும். திருகே இல்லாமல் உருண்டு, பளபளவென்று இருந்தால் சந்தேகப்படுங்கள்: 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வந்த காரச் சலவை முறையில் பதப்படுத்திய நூலாக இருக்கலாம், அதாவது இன்றைய எம்ப்ராய்டரி நூல்.

தண்டுப்பட்டை நார் என்றால் நேரான குச்சி போல இருக்கும். நடுவில் மெல்லிய குழாய், குறுக்கே மூங்கில் கணு மாதிரிக் கோடுகள். அந்தக் கணுவைக் கண்டதும் ‘லினன்!’ என்று துள்ள வேண்டாம். ஆளி, கஞ்சா, ராமி, ஆங்கிலத்தில் நெட்டில் எனப்படும் காஞ்சொறி வகைகள் எல்லாவற்றிலும் அது உண்டு. தனி இழையின் அகலம் 40 மைக்ரானைத் தாண்டினால் ராமி பக்கம் யோசிக்கலாம். ஆளி பெரும்பாலும் 25க்குள்.

இலைநாரும் பனைவகை நாரும் தனி இழையாகக் கிடைப்பது அபூர்வம். குட்டைக் குட்டைச் செல்கள் கட்டுக்கட்டாக, நடுவில் ஸ்ப்ரிங் மாதிரிச் சுருண்ட நீர்க்குழாய்களோடு வரும். நாரோரம் வரிசையாக உட்கார்ந்திருக்கும் சிலிக்கா மணிகளைத் தேடுங்கள். பனைக் குடும்பத்தில் அவை முள் முளைத்த சிறு உருண்டைகள். வாழையில் எரிமலை வாய் போல நடுவில் குழிந்தவை. நார் மட்கினாலும் சிலிக்கா மட்காது. வெறும் மண்ணில்கூடச் சில நேரம் அவை மட்டும் மிஞ்சும். துளை மண்ணைக் கொட்டாதீர்கள் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆளியா, கஞ்சாவா, காஞ்சொறியா

இங்கேதான் நேரம் செலவாகும். தேவை, போலரைசர் (ஒளியை ஒரே தளத்தில் மட்டும் அதிரவிடும் வடிகட்டி) இரண்டும் ‘சிவப்புத் தகடு’ எனப்படும் வண்ணத் தகடும் உள்ள மைக்ரோஸ்கோப். கல்லூரியின் நிலவியல் துறையில் இருக்கும், கேட்டுப் பாருங்கள். பாறைச் சீவல் பார்ப்பதற்கு வைத்திருப்பார்கள்.

போலரைசர்களைக் குறுக்காக வைத்து, ஒற்றை இழையை ஏதாவது ஒன்றுக்கு இணையாகத் திருப்புங்கள். தண்டு நார் ஏறக்குறைய இருண்டுவிடும். பருத்தி முழுதாக இருளாது. இருண்ட நிலையில் சிவப்புத் தகட்டைச் செருகினால் இழை நீலமாகவோ மஞ்சளாகவோ சாயல் காட்டும். 90 பாகை திருப்பினால் நிறம் இடம் மாறும். சமையலறையில் சுழன்றதே, அந்தச் சரிவைத்தான் இப்போது நிறமாகப் பார்க்கிறீர்கள். எந்த நிறம் எந்தக் கட்சி என்று மனப்பாடம் செய்யாதீர்கள். தகட்டின் அச்சு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறும். ஒவ்வொரு முறையும் உங்கள் பெட்டியின் லினனையும் சணலையும் முதலில் வைத்து நிறத்தைக் குறித்துக்கொண்டு, பிறகு பழைய இழையை வையுங்கள். இழை ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருந்தால் விடை செல்லாது. குறைந்தது பத்து இழையாவது பாருங்கள்.

அடுத்து, நாரோடு ஒட்டியிருக்கும் திசுவில் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள். கஞ்சா, ராமி, காஞ்சொறி நார்களில் நெருஞ்சி முள் மாதிரிக் கொத்தாக இருக்கும். சணலில் தனித்தனிப் பட்டகமாக. ஆளியில் இருக்காது. ஆனால் நன்றாகச் சுத்தம் செய்து சீவிய நாரில் படிகம் உதிர்ந்திருக்கும். அதனால் படிகம் இருந்தால் சான்று. இல்லாவிட்டால் அதை வைத்து எதுவும் சொல்லாதீர்கள்.

இரண்டையும் சேர்த்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு டென்மார்க்கின் லுசெஹோய் மேடு நல்ல உதாரணம். சுமார் 2,800 ஆண்டுகளுக்கு முன், எரித்த எலும்புகளைத் துணியில் சுற்றி வெண்கலக் கலத்தில் வைத்திருந்தார்கள். 2012இல் வெளியான ஆய்வில் இழையின் சரிவு ஆளிக் கட்சி. படிகமோ கொத்துக் கொத்தாக. ஆளியில் படிகம் கிடையாது, கஞ்சாவின் சரிவு எதிர்ப்பக்கம். மிஞ்சியது காஞ்சொறி. ராமியும் இதே விடையைத்தான் தரும். அது கிழக்காசியச் செடி என்பதால் வெண்கலக் கால ஐரோப்பாவில் அதைத் தள்ளிவிடலாம். இப்படி இடமும் காலமும் கடைசிச் சல்லடையாக வரலாம். முதல் சல்லடையாக வரக் கூடாது.

கல்லாகிப்போன நார்

களிம்பேறிய, துருவேறிய நாரில் செல்லுலோஸ் போயிருக்கும். அப்போது போலரைசர் வேலை செய்யாது. செம்பு பல நேரம் இழையின் உள்ளேயே ஊறி, அதே வடிவில் பிரதியெடுத்துவிடும். இரும்புத் துரு பெரும்பாலும் வெளியே உறை போட்டு, உள்ளே இருந்தது மட்கியபின் வெறும் குழாயாக நிற்கும். உறையின் உள்சுவர்தான் அப்போது இழையின் மேற்பரப்பு. அகலத்தை அங்கேதான் அளக்க வேண்டும், வெளியே அளந்தால் இரண்டு மடங்கு வரும்.

இந்த நிலையில் வடிவம் மட்டுமே சாட்சி. ஸ்கேனிங் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் வேண்டும். உங்கள் வேலை, துண்டைச் சரியாக எடுத்து, எங்கிருந்து என்று குறித்து அனுப்புவது. மெஹர்கர் மணியில் பிரதிபலிப்பு ஒளி மைக்ரோஸ்கோப்பையும் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பையும் சேர்த்துத்தான் பருத்தி என்று சொன்னார்கள். மொகஞ்சதாரோவில் வெள்ளிக் கலத்தோடு ஒட்டியிருந்த துணியை 1920களில் பம்பாய்ப் பருத்தி ஆய்வுக்கூடத்தில் டர்னரும் குலாத்தியும் சாதாரண மைக்ரோஸ்கோப்பிலேயே பருத்தி என்று காட்டினார்கள். அதுவும் உலோகத்தின் தயவில் பிழைத்ததுதான்.

சீட்டில் என்ன எழுதுவது

கண்டதை ஒரு பத்தியாகவும், அதிலிருந்து நினைத்ததை வேறு பத்தியாகவும் எழுதுங்கள். ‘நேரான இழை, குறுக்குக் கணு, அகலம் 15-22 மைக்ரான், 12 இழைகள், படிகம் காணவில்லை’ என்பது கண்டது. ‘தண்டுப்பட்டை நார், ஆளியாக இருக்கலாம்’ என்பது நினைத்தது. படிகளை இப்படி வைத்துக்கொள்ளலாம்: செடி நார், தண்டுப்பட்டை நார், ஆளிக் கட்சி, ஆளி. எந்தப் படியில் ஆதாரம் நின்றுவிடுகிறதோ அங்கேயே நீங்களும் நில்லுங்கள்.

ஜார்ஜியாவின் ஜுஜுவானா குகையில் 30,000 ஆண்டுப் பழைய சாயமேற்றிய ஆளி நார் கிடைத்ததாக 2009இல் செய்தி வந்தது. அடுத்த ஆண்டே வேறொரு குழு, காட்டப்பட்ட அடையாளங்கள் மற்றத் தண்டு நார்களிலும் இருக்கின்றன, ஆளி என்று நிறுவ அவை போதாது என்று எழுதியது. நார் இருந்ததை அவர்கள் மறுக்கவில்லை. கடைசிப் படியைத்தான் கேட்டார்கள். துருக்கியின் சாத்தல்ஹூயூக்கில் 1960களில் கிடைத்த துணிகள் கம்பளியா ஆளியா என்று பல பத்தாண்டு வாதம் ஓடியது. பிற்கால அகழாய்வுத் துண்டுகளைப் பார்த்தவர்கள் 2021இல் சொன்னது இரண்டுமில்லை: ஓக் மரத்தின் உள்பட்டை. பட்டியலில் மரப்பட்டைக்கு யாரும் இடமே வைத்திருக்கவில்லை! உங்கள் நார்ப்பெட்டியில் ஆலமரப் பட்டைக்கும் ஓர் அறை வையுங்கள்.

எடுத்து வைத்த பாதி மாதிரியைச் சிறு கண்ணாடிக் குப்பியில் போட்டு, பொருளின் எண், எடுத்த இடம், நாள் மூன்றையும் பென்சிலால் எழுதிய சீட்டை உள்ளேயே வையுங்கள். பேனா மை பரவும், வெளியே ஒட்டிய சீட்டு உரிந்து விழும். உலோகத்தோடு ஒட்டிய துண்டு என்றால் கூடவே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம். மழைக்காலத்துக்கு முன்னால் அதை மாற்ற மறக்காதீர்கள்.